பணிசெயல் முறைமையும் மலையகத் தமிழும்: பயன்படுதன்மை, பொதியாக்கம் பற்றிய ஒரு நோக்கு

கணினியின் பணிசெயல் முறைமை பற்றிய விவாதங்கள் தொழினுட்பவியலாளரின் உள்வீட்டு விடயங்களாகவே நமது அறிவுலகிற் பெரும்பாலும் கருதப்பட்டு வருகின்றன. எந்த மென்பொருளைத் தொடக்கத்திலேயே சேர்த்து வழங்குவது, எதனைப் பயனர் பின்னர் தேடி நிறுவிக்கொள்ளுமாறு விடுவது, திரையில் எச்சொல்லை இடுவது என்பன போன்ற வினாக்களில் மொழியையும் சமூகத்தையும் ஆராய்வோருக்கு என்ன அக்கறை இருக்க முடியும் என்று கேட்கப்படலாம். அவ்வினாக்களை நுவரெலியா, அட்டன் முதலிய பெருந்தோட்டப் பிரதேசங்களின் தமிழ் மாணவரது நிலையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் நிறுவ முற்படும் கருத்து பின்வருமாறு அமையும். பொதியிலே சேர்க்கப்படாது விடப்படும் எதுவும் மறைந்துபோவதில்லை. அது உழைப்பாக மாறிப் பயனரின் தலையில் இறங்குகிறது. அவ்வுழைப்பைச் செய்வதற்கான வசதி எவரிடம் மிகக் குறைவாக உள்ளதோ அவர்மீதே அது மிக அதிகமாகச் சுமத்தப்படுகிறது. எனவே பொதியாக்கம் என்பது மொழிச் சமத்துவம் நடைமுறையில் தீர்மானிக்கப்படும் களங்களுள் ஒன்றாகும்.

1. கருத்தாக்கங்கள்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஒரு பொருளைக் குறித்த மக்கள், குறித்த தேவைக்காக, குறித்த சூழலில் எவ்வளவு தடையின்றிக் கையாள முடிகிறது என்பதே பயன்படுதன்மை. மூலநிரல் நிலையிலுள்ள மென்பொருளை, அது தங்கி நிற்கும் பிற கூறுகளோடு இணைத்து, நிறுவத்தக்க அலகாக ஆக்குதல் பொதியாக்கம். இப்பொதிகள் பலவற்றைத் தேர்ந்து தொகுத்து முழுமையான பணிசெயல் முறைமையாக மக்களிடம் சேர்ப்பது வழங்கல் எனப்படுகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்பன லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய வழங்கல்களாகும்.

பயன்படுதன்மையைப் பொருளின் உள்ளார்ந்த குணமாகக் கொள்வது பொதுவான வழக்கு. ‘இது எளிது, அது கடினம்’ என்று நாம் பேசுகையில் யாருக்கு எளிது என்ற வினா மறைந்துவிடுகிறது. 1857ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையில் மார்க்ஸ் உற்பத்திக்கும் நுகர்வுக்கும் உள்ள உறவை ஆராயும்போது, உற்பத்திப்பொருள் நுகர்விலேயே முழுமை பெறுகிறது என விளக்குகிறார். எவரும் பயணஞ் செய்யாத இருப்புப்பாதை ஆற்றலளவில் மாத்திரமே இருப்புப்பாதையாகும். இவ்விளக்கம் மென்பொருளுக்கு மிகவும் பொருந்துவது. தமிழில் எழுதும் ஆற்றல் ஒரு வழங்கலின் களஞ்சியத்தில் எங்கோ ஒரு பொதியாகக் கிடப்பதும், மாணவியொருத்தி விசையை அழுத்தியவுடன் ‘அ’ திரையில் தோன்றுவதும் ஒன்றல்ல. முன்னையது சாத்தியம், பின்னையதே பயன்பெறுமதி.

மலையகத்திலே ‘பொதி’ எனும் சொல் வேறொரு நினைவையும் எழுப்பவல்லது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. கொழுந்து பறிக்கும் கையிலிருந்து வெளிநாட்டுக் கடையின் தட்டுவரை தேயிலை செல்லும் வழியில், கலவை, பொதி, வணிகப்பெயர் ஆகிய பிற்கட்டங்களிலே இலாபத்தின் பெரும்பங்கு சேர்கிறது என்பது நாமறிந்ததே. இவ்வொப்புமையை வெகுதூரம் இழுத்துச் செல்லுதல் பொருந்தாது. கட்டற்ற மென்பொருளின் பொதியாளர் பலர் ஊதியமின்றி உழைப்பவர். ஆயினும் பொதி வெறும் உறையன்று, அதனைக் கட்டுமிடத்தில் அதிகாரம் உறைகிறது என்ற அளவில் அந்நினைவு பயனுள்ளது.

2. சமூகத்தினுள் நிகழ்ந்த விவாதம்

கட்டற்ற மென்பொருள் இயக்கம் 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தோடு தொடங்குவது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். 1993இல் டெபியன் தோன்றியது. இவற்றின் முதற் பயனர்கள் பெரும்பாலும் இவற்றை ஆக்கியவர்களே. ஆக்குவோரும் பயன்படுத்துவோரும் ஒருவராயிருந்த அக்கட்டத்திற் பயன்படுதன்மை தனிப் பிரச்சினையாக எழவில்லை. இவ்விரு சாராரும் வேறுவேறு ஆகத் தொடங்கியபோதே விவாதம் கூர்மை பெற்றது.

அவ்விவாதத்தின் திருப்புமுனை 2004 அக்டோபரில் வெளிவந்த உபுண்டுவாகும். அதனைத் தொடக்கிவைத்த மார்க் ஷட்டில்வேர்த், அதன் வழுப்பட்டியலில் முதலாம் வழுவாகப் பதிந்தது நிரலின் குறையொன்றையல்ல. மைக்ரோசொஃப்ற் நிறுவனம் சந்தையில் வகித்த பெரும்பான்மைப் பங்கையே அவர் வழு என்று குறித்தார். 2013இல் அவரே அதனை மூடிவைத்தார். ஒரு சமூக உறவை வழுவெனப் பதிவு செய்தமை கவனிக்கத்தக்கது. எனினும் அங்குச் சமூகம் சந்தையாகவே காணப்பட்டது. மொழி அவ்வழுவின் பகுதியாக அமையவில்லை.

உபுண்டு 2005 முதல் 2011 வரை இறுவட்டுகளை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிவந்தது. இணையம் எட்டாத ஊர்களுக்கு இது பெரும் உதவியாயிற்று. ஆனால் ஓர் இறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைற். அவ்வெல்லைக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்ற போட்டியில் சில மொழிகளின் பொதிகளே இறுவட்டில் இடம்பெற்றன. ஏனைய மொழிகளைப் பயனர் இணையத்தினூடாகப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்குள்ள முரண்பாடு வெளிப்படையானது. இணையம் இல்லாதோருக்கென அனுப்பப்பட்ட தட்டு, அவர்களது மொழியைப் பெறுவதற்கு இணையத்தை நிபந்தனையாக்கியது. 2012இன் பிற்பகுதியில் அக்கொள்ளளவு வரம்பு கைவிடப்பட்டது. எது முதலில், எது பின்னர் என்ற ஒழுங்குமுறை கைவிடப்படவில்லை.

இதே முரண்பாடு டெபியனில் வேறு வடிவிலே தோன்றியது. மடிக்கணினிகள் பலவற்றின் கம்பியில்லா வலையமைப்புக் கருவி இயங்குவதற்கு, உற்பத்தியாளர் மூலநிரலை வெளியிடாத நிலைப்பொருள் தேவைப்படுகிறது. கட்டற்றதல்லாத எதனையும் அதிகாரபூர்வ நிறுவியிற் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை டெபியன் நெடுங்காலம் பேணியது. அதன் விளைவாக, வலையமைப்பை இயக்கத் தேவையானதை வலையமைப்பிலிருந்தே பெறவேண்டிய நிலை உண்டாயிற்று. நீண்ட விவாதத்தின் பின் 2022இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் அந்நிலைப்பொருளைச் சேர்ப்பதெனத் தீர்மானிக்கப்பட்டு, 2023இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கைத் தூய்மையை விரும்பியோருக்கு இது பின்னடைவாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அத்தூய்மையின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதே நமது வினா. இரண்டாவது கணினியும் தடையற்ற இணைப்பும் உடையவருக்கு அது சிறு தொல்லை. பழைய மடிக்கணினி ஒன்றை மாத்திரம் உடையவருக்கு அது முழுத்தடை.

அண்மைக் காலத்தில் விவாதம் ஸ்னாப், ஃபிளற்பாக் எனும் தன்னிறைவுப் பொதிகளை நோக்கித் திரும்பியுள்ளது. தான் தங்கியுள்ள கூறுகளையும் தன்னுடனே சுமந்துவரும் இவ்வகைப் பொதி, பொதியாளரின் வேலையைக் குறைக்கிறது. ஆனால் பதிவிறக்க அளவைக் கூட்டுகிறது. 2022இன் உபுண்டு வெளியீட்டில் ஃபயர்ஃபொக்ஸ் உலாவி இவ்வடிவிலேயே வழங்கப்பட்டது. லினக்ஸ் மின்ற் வழங்கல் 2020இலேயே ஸ்னாப்பைத் தொடக்க நிறுவலில் ஏற்க மறுத்துவிட்டது. இணையத் தரவைச் சிறுசிறு அட்டைகளாக வாங்கும் குடும்பத்துக்கு இது அளவுப் பிரச்சினையல்ல, வருமானப் பிரச்சினை.

3. தமிழ் பெற்ற இடம்

இனித் தமிழுக்கு வருவோம். இலங்கையிற் கணினித் தமிழின் பரவலுக்கு நெடுங்காலம் அடித்தளமாயிருந்தது பாமினி எனும் எழுத்துரு. இவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய ஓர் ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியிலே ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சிதரும். யுனிகோட் 1991இல் தன் முதற் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தும், பாமினியின் வழக்கு அதற்குப்பின் பல்லாண்டுகள் நீடித்தது. இதனைப் பழமைவாதம் என ஒதுக்குவது மேலோட்டமான முடிவு. பாமினியின் விசையமைப்பு தட்டச்சுப்பொறி மரபைத் தழுவியது. தட்டச்சு வகுப்பிற் பழகிய விரல்கள் அதில் உடனே இயங்கின. எழுத்துருவோ ஒரேயொரு கோப்பு. நண்பரிடமிருந்து பெற்று ஒட்டிக்கொள்ளலாம். அதாவது, குறிமுறை என்ற அளவிற் குறைபாடுடைய பாமினி, பொதி என்ற அளவில் வெற்றி பெற்றது.

விசைப்பலகையின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு தமிழ்99 தளக்கோலத்தை ஏற்றது. இலங்கையில் தட்டச்சு மரபையொட்டிய ரெங்கநாதன் தளக்கோலம் வழக்கிலுள்ளது, 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 எனும் தரம் தமிழுக்கென வெளியிடப்பட்டது. தட்டச்சு மரபிற் பழகியவர் ‘கெ’ எழுதுகையிற் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அழுத்துவார். யுனிகோட் ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் சேமிக்கிறது. இவ்விரண்டையும் இணக்குவது உள்ளீட்டு மென்பொருளின் கடமை. லினக்ஸ் உலகிலே இக்கடமையைச் செய்யும் தரவுத்தொகுதி உண்டு. எம்17என் எனப்படும் அத்தொகுதியில் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை ஆகியவற்றோடு ரெங்கநாதன் தளக்கோலமும் இடம்பெற்றுள்ளது. வேலை செய்யப்பட்டுவிட்டது, எவரோ அதற்கு உழைத்திருக்கிறார்.

ஆயினும் வழங்கல்கள் பலவற்றில் அத்தொகுதி தனியாக நிறுவப்பட வேண்டிய பொதியாகவே இருக்கிறது. அதன் பெயரில் ‘தமிழ்’ என்ற சொல்லே இல்லை. அப்பெயரை அறிந்திருத்தல், அதனைப் பெற இணைய இணைப்பு, நிறுவ நிருவாகியின் கடவுச்சொல், பின்னர் அமைப்புகளிற் சென்று தேர்ந்தெடுக்குமளவு ஆங்கிலம் ஆகிய நான்கும் உடையவருக்கே ரெங்கநாதன் தளக்கோலம் உண்மையில் உண்டு. நான்கில் ஒன்று தவறினும் அது இல்லை.

கலைச்சொல்லின் நிலையும் இங்குக் கருதத்தக்கது. இலங்கைப் பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என வழங்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘இயக்க அமைப்பு’ என்கின்றன. தன்னார்வ மொழிபெயர்ப்பாளரிடையே ‘இயங்குதளம்’, ‘இயக்குதளம்’ எனும் வடிவங்கள் நிலவுகின்றன. திகதி, நாணயம் போன்றவற்றில் இலங்கைத் தமிழுக்கெனத் தனி அமைப்பு உண்டு. திரைச் சொற்களோ க்னோம், கேடீஈ போன்ற பணிச்சூழல்களில் ஒரே மொழிபெயர்ப்பாகவே இரு நாடுகளுக்கும் செல்கின்றன. மேலும், மொழிபெயர்க்கப்படாத சொற்றொடர் ஆங்கிலத்திலேயே தோன்றும். ஆகவே தமிழ் இடைமுகத்தைத் தெரிவுசெய்யும் மாணவர் வகுப்பிற் கற்ற சொல்லையும் காணாது, முழுமையான ஆங்கிலத்தையும் காணாது, இரண்டுங் கலந்த திரையொன்றைக் காண்கிறார். அவர் ஆங்கிலத்துக்கே திரும்புவாராயின் அதனைத் தாய்மொழிப் பற்றின்மை எனக் கண்டிப்பது அநீதியாகும். அரைகுறைத் தமிழ் அவருக்கு இரட்டிப்பு உழைப்பாக அமைந்தது என்பதே காரணம்.

4. பெருந்தோட்டப் பிரதேசத்தின் நிலைமைகள்

நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர் என்பது 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பினாற் புலப்படும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து வெளியிடும் கணினி எழுத்தறிவு அளவீடுகளில் பெருந்தோட்டத் துறையே தொடர்ந்து கடைநிலையில் இருந்து வருகிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்ட நிருவாகத்தின் தயவில் விடப்பட்ட கல்வியின் பின்விளைவை ஒரு கணினி அறையால் அழித்துவிட முடியாது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து நெனசல என்றும் அறிவகம் என்றும் பெயர்பெற்ற நிலையங்கள் அரசினாற் பல இடங்களில் நிறுவப்பட்டன. கருவி வந்தது, கருவியில் மொழி எவ்வாறு பொதியப்பட்டு வந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டது.

இங்கு மற்றொரு நடைமுறையையும் கருத்திற்கொள்ளல் வேண்டும். சிறு நகரங்களிற் கணினியை முதலில் ஆயத்தப்படுத்தித் தருபவர் கடைத் தொழினுட்பவியலாளரே. விண்டோஸ், அலுவலகத் தொகுப்பு, பாமினி எழுத்துரு, பாட்டுக் கேட்கும் செயலி ஆகியவற்றை நிறுவி, கணினியை ‘முடித்துக்’ கொடுக்கிறார். அனுமதிப்பத்திரமற்ற பிரதிகள் பரவியுள்ள சூழலில், ‘லினக்ஸ் இலவசம்’ என்ற வாதம் இக்காரணத்தாலேயே வலுவிழக்கிறது. விலை ஏற்கெனவே பூச்சியம். மேலதிகமாகத் தமிழும் உள்ளே இருக்கிறது. பிரதேசத்தின் உண்மையான பொதியாளர் இக்கடைக்காரரே எனலாம். தன் வாடிக்கையாளர் யார், அவருக்கு முதல்நாளே எது தேவை என்பதை அவர் அறிவார். பெரும் வழங்கல்களின் விவாதங்களில் இல்லாதது இவ்வறிவேயாகும்.

கைபேசியின் உதாரணமும் நமது கருத்தை உறுதிப்படுத்துகிறது. மடிக்கணினியில் ஒரு வரி தமிழ் எழுதத் தயங்கும் இளைஞர் கைபேசியிலே தமிழிற் சரளமாகச் செய்தி எழுதுகிறார். மொழியுணர்வு கருவிக்குக் கருவி மாறுவதில்லை. கைபேசியின் விசைப்பலகை தமிழைத் தன்னுள்ளே கொண்டு வந்தது. சில தொடுகைகளிலே அது திறந்தது. அவ்வளவே வேறுபாடு.

இவ்வினா இன்று அவசரமுடையதாகியிருப்பதற்குக் காரணமுண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது ரூபாய் பெறுமதியிழந்தமை, இறக்குமதி செய்யப்படும் கணினியை உழைக்கும் குடும்பங்களுக்கு மேலும் எட்டாப் பொருளாக்கியது. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அக்கணினிகளுக்குக் கட்டற்ற பணிசெயல் முறைமையே நியாயமான வழி. ஆயினும் அங்கும் கதவு அகலத் திறந்திருக்கவில்லை. உபுண்டு 2017இலேயே 32 பிற் கணினிகளுக்கான மேசைக்கணினிப் படிமத்தைக் கைவிட்டது. 2025இல் வெளிவந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவி இல்லை. கட்டற்ற முறைமைகள் நோக்கி மலையகப் பாடசாலைகள் திரும்பத்தக்க இக்காலத்தில், தமிழ் அவற்றினுள் எவ்வாறு இருக்கிறது என்பது ஒரு தலைமுறையின் எழுத்தைத் தீர்மானிக்கும்.

5. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

முற்போக்காளரிடையே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘எளிமை’ என்பது முதலாளித்துவச் சந்தையின் கோஷம். அது பயனரைச் செயலற்ற நுகர்வோராக்குகிறது. மாறாக, கட்டளை வரியையும் மூலநிரலையும் கற்பதே விடுதலை தரும் என்பது அம்மறுப்பு. இதில் ஒரு பகுதி உண்மையுண்டு. பயனரிடமிருந்து உள்ளியக்கத்தை மறைத்து, அவரை நிறுவனத்தின் கணக்கோடு பிணைக்கும் எளிமை நமக்கு வேண்டியதன்று. ஆனால் கற்பதற்கான வாயிலையே கடினமாக்கி, அக்கடினத்தைப் பயிற்சி எனப் போற்றுவது கல்விமானின் மனப்பாங்கேயன்றி மக்கள் சார்பான நிலைப்பாடு அல்ல.

நமது சொந்த வரலாற்றில் இதற்கு விடையுண்டு. மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யர் பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் தம் போராட்டத்தின் கருவிகளாக்கினார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் நிலைபற்றிய கருத்துகளைப் பாடல்களாக்கி, கூட்டங்களிற் பாடி, சிறு பிரசுரமாகவும் வெளியிட்டார். எழுத்தறிவு பரவலாக மறுக்கப்பட்டிருந்த தொழிலாளரிடம் அரசியலைக் கொண்டுசெல்ல அவர் தேர்ந்த வடிவம் அது. பாடல் வடிவம் அரசியலை எளிமைப்படுத்திச் சிதைக்கவில்லை. பெறுபவரின் நிலையிலிருந்து பொதி கட்டப்பட்டதால் அரசியல் லயத்தின் வாயிலைக் கடந்தது. உள்ளடக்கத்துக்கும் உருவத்துக்கும் உள்ள உறவுபற்றி நாம் இலக்கியத்திற் பேசிவந்தது இங்கும் அப்படியே பொருந்தும்.

6. முன்னுதாரணங்களும் செய்யத்தக்கனவும்

இத்தகைய பொதியாக்கம் இயலாத கனவன்று. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.ரி. அற் ஸ்கூல் திட்டம், 2017 முதல் கைட் எனும் நிறுவனமாக, பாடசாலைகளுக்கெனக் கட்டற்ற பணிசெயல் முறைமையைத் தொகுத்து வழங்கிவருகிறது. பாடங்களுக்குத் தேவையான மென்பொருள்கள் உள்ளேயே வைக்கப்பட்டு, ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் அதனோடு இணைக்கப்பட்டன. அப்பாடநூல்கள் மலையாளத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்படுகின்றன. மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் தமிழ்வழியிற் கற்பார்களாயின் அவர்களும் இதனாற் பயன்பெறத்தக்கோர். நமது மலையகத்தோடு வரலாற்றாலும் உழைப்பாலும் ஒத்த மக்கள் அவர்கள். இலங்கையிலும் ஃபெடோராவைத் தழுவி, பேராதனையை அடுத்த மலையின் பெயரால் உருவாக்கப்பட்ட ஹந்தான லினக்ஸ், உள்நாட்டுத் தேவைக்கேற்பத் தொகுக்க முடியும் என்பதைக் காட்டியது. கேரளத்தின் முயற்சி நிலைபெற்றதற்குக் காரணம், பொதியும் பாடநூலும் ஆசிரியரும் ஒரே திட்டத்தினுள் இணைந்தமையாகும்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. நிறுவும்போது ‘இலங்கை’, ‘தமிழ்’ என இரண்டையும் தெரிவுசெய்பவருக்கு, இணையமின்றியே, ரெங்கநாதன், தமிழ்99, ஒலிப்பு ஆகிய மூன்று உள்ளீட்டு முறைகளும் உடனே கிடைத்தல் வேண்டும். பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவி உடன்வைக்கப்பட வேண்டும்; கடந்தகால ஆவணங்களைக் கைவிடுமாறு எவரையும் கேட்க முடியாது. திரைச் சொற்களைப் பாடநூற் சொற்களோடு ஒப்புநோக்கி, வேறுபடும் இடங்களை மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கு அறிவித்தல் வேண்டும். தொகுத்த வழங்கலை இணையத்தில் மாத்திரமன்றிப் பேனா நினைவகத்திலே பாடசாலைக்கும் கணினிக் கடைக்கும் சேர்த்தல் வேண்டும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு நிரலாளர் தேவையில்லை. சொல்லாராய்ச்சியும், மாணவர் முன் அமர்ந்து அவர் எங்கே தடைப்படுகிறார் எனக் குறித்துக்கொள்ளும் பொறுமையும், அதனை முறையாக எழுதி அனுப்பும் ஒழுங்கும் போதும். இவை பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களிடம் உள்ளவை. வழுப்பட்டியல்களில் தமிழ் மாணவரின் தடைகள் பதிவாகாதவரை அவை இல்லாதனவாகவே எண்ணப்படும்.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை அலுவலகத்தின் படிவத்திலும் பாடசாலையின் திரையிலும் வந்தடையும் வரை சாத்தியமாகவே நிற்கும். பறித்த கொழுந்து எங்கோ பொதியப்பட்டு எவர் பெயரிலோ விற்கப்படுவதைக் கண்ட மக்கள், தம் மொழி எவ்வாறு பொதியப்படுகிறது என்பதிற் பங்கு கேட்பது சலுகை வேண்டலாகாது. அது அவர்களது உரிமை.